ஈறு கெட்டால் பிரஷர் ஏறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவரிடம் போனால் "பிரஷர் இருக்கிறதா?" என்று கேட்கிறார். பிரஷருக்கு மருந்து எழுதுகிறவர் "பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. போலந்து நாட்டின் கிராகோவ் நகரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் செய்தி வந்தபோது எல்லோருக்கும் ஒரே வியப்பு: ஈறுக்கு வைத்தியம் செய்தால் ரத்த அழுத்தம் குறைகிறதா? அந்த ஆய்வையும் அதற்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானியின் நீண்ட தேடலையும் சுற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் அந்த விஞ்ஞானி?

தொமாஷ் குசிக். போலந்துக்காரர், இதய மருத்துவர். கிராகோவின் பழம்பெருமை வாய்ந்த யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, எடின்பரோ பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றினார். ரத்த அழுத்தத்துக்கும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் என்ன உறவு என்பதுதான் அவரைத் துரத்திய கேள்வி. ஈறு அதற்குள் வந்தது பின்னால்தான். அதை உள்ளே கொண்டுவந்ததில் பல் மருத்துவ ஆய்வாளர் மார்த்தா செஷ்னிகியேவிச்-குசிக்குக்கும், லண்டனின் ஈஸ்ட்மன் பல் மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ டாயூட்டோவுக்கும் பெரும் பங்கு உண்டு.

ரத்த அழுத்தம் என்றால் உப்பு, சிறுநீரகம், மனக்கவலை என்றுதானே கேட்டிருக்கிறோம். நோய் எதிர்ப்புக்கு அங்கே என்ன வேலை?

2007 வரை பெரும்பாலான மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த ஆண்டு குசிக்கும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஹாரிசனும் சேர்ந்து ஓர் எலிச் சோதனையை வெளியிட்டார்கள். டி அணு, பி அணு என்னும் இருவகை வெள்ளணுக்களும் இல்லாமல் பிறக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள் அவை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனைச் சாதாரண எலிக்குக் கொடுத்தால் அழுத்தம் எகிறும். இந்த எலிகளிலோ அந்த அளவுக்கு ஏறவில்லை. வேறு எலியிலிருந்து டி அணுக்களை எடுத்து இவற்றின் உடலில் செலுத்தினார்கள். அழுத்தம் பழையபடி ஏறியது. பி அணுக்களைச் செலுத்தியபோது ஏறவில்லை.

இந்தச் சோதனையின் அழகே அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் நோய் போகிறது, திருப்பி வைத்தால் நோய் வருகிறது. "இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன" என்பதற்கும் "இதனால் அது" என்பதற்கும் உள்ள தூரத்தை இப்படித்தான் கடக்க முடியும்.

டி அணுக்கள் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பில் போய்க் குவிகின்றன. அங்கிருந்து அவை சுரக்கும் அழற்சிப் பொருள்கள், அதாவது வீக்கத்தையும் சிவப்பையும் உண்டாக்கும் பொருள்கள், குழாயின் உட்சுவரைத் தாக்குகின்றன. குழாயைத் தளர்த்தி விரிய வைப்பது நைட்ரிக் ஆக்சைடு. அழற்சி மிகுந்தால் அது சுவரிலேயே அழிந்துபோகிறது. குழாய் இறுகுகிறது. சிறுநீரகமும் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஆகவே உப்புக் கதை பொய்த்துவிடவில்லை. அதற்கு இன்னொரு கூட்டாளி இருப்பது தெரியவந்தது, அவ்வளவுதான்.

சரி, ஈறு எங்கே, ரத்தக்குழாய் எங்கே?

உடம்பில் ஆண்டுக்கணக்காக அழற்சி ஓயாமல் நடக்கும் இடம் எது என்று தேடினால் பலருக்கு அது வாய்தான். முற்றிய ஈறுநோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற இடைவெளிகள் விழுகின்றன. அவற்றின் உட்புறம் முழுக்கப் புண். எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள அந்தப் புண்ணை விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த அளவு புண் முழங்காலில் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? ஈறில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் சிறிது சிறிதாக ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றோடு போராடிப் போராடி வெள்ளணுக்கள் எப்போதும் விழிப்பு நிலையிலேயே இருக்கின்றன.

இதையும் எலியில் சோதித்தார்கள். ஈறுநோய்க் கிருமிகளில் பெயர்பெற்றது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அந்தக் கிருமியின் கூறுகளை ஊசியாகப் போட்டு, எலியின் டி அணுக்களை அதற்கு எதிராகத் தூண்டிவிட்டார்கள். பிறகு ஆஞ்சியோடென்சினை மிகக் குறைந்த அளவில் மட்டும் கொடுத்தார்கள். ஊசி போட்ட எலிகளில் ரத்த அழுத்தம் கூடுதலாக ஏறியது, ரத்தக்குழாய்களும் கெட்டன. இது 2019இல் வெளிவந்தது.

கிராகோவில் மனிதர்களிடம் என்ன செய்தார்கள்?

ரத்த அழுத்தமும், நடுத்தர அல்லது தீவிர ஈறுநோயும் ஒன்றாக உள்ள 101 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 51 பேருக்கு ஈறுக்கு மேலே தெரியும் காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கை, மட்டும் நீக்கினார்கள். மற்ற 50 பேருக்கு ஈறுக்குள்ளே, வேர்வரை போய்ச் சுத்தம் செய்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கக் கையிலேயே கட்டியிருக்கும் கருவியால் 24 மணி நேர ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். மருத்துவரைப் பார்த்த பயத்தில் ஏறும் அழுத்தம் இதில் கணக்கைக் கெடுக்காது என்பதால் இது நல்ல ஏற்பாடு.

இரண்டு மாதம் கழித்து, ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களின் மேல் அழுத்தம் (120/80 என்பதில் முதல் எண்) மற்றவர்களைவிடச் சராசரியாக 11.1 மி.மீ. பாதரசம் குறைவாக இருந்தது. கீழ் அழுத்தமும் இறங்கியது. ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியது. இன்டர்லூக்கின் 6, இன்டர்ஃபெரான் காமா என்ற இரண்டு அழற்சிப் பொருள்களும், தூண்டப்பட்ட நிலையில் இருந்த ஒருவகை டி அணுக்களும் குறைந்தன. யாருக்கு ஈறு நன்றாக ஆறியதோ அவருக்கு அழுத்தமும் நன்றாகக் குறைந்தது. 2007இல் எலியில் கண்ட டி அணு 2019இல் மனிதரின் ஈறு வழியாக வந்து நின்றது.

11 குறைவது பெரிய விஷயமா?

ஆம். ஒரு நல்ல பிரஷர் மாத்திரை தரும் பலனுக்கு இணையானது.

அப்படியென்றால் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. அந்தச் சோதனையில் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பார்க்கவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம். ஈறு சரியான பிறகு அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வந்தால், மருந்தின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் அளந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

அந்த 11 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நான் அதைப் பாதி நம்பிக்கையோடு படிக்கிறேன். சோதனை ஒழுங்காக நடந்தது; ஆனால் 101 பேர், ஒரே நகரம், இரண்டே மாதம். அழுத்தக் குறைவு 6.5 முதல் 15.8 வரை எங்கும் இருக்கலாம் என்றே அவர்கள் கணக்கும் சொல்கிறது. சிறிய சோதனைகளில் பலன் பெரிதாகத் தெரிவதும், பெரிய சோதனையில் அது சுருங்குவதும் மருத்துவ உலகம் பலமுறை கண்ட வழக்கம். இத்தகைய ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2021இல் இதையும் சலித்தது. ஈறுநோய் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. ரத்த அழுத்தம் ஏற்கெனவே உள்ளவர்களுக்குக் குறுகிய காலத்தில் குறையக்கூடும். இதுதான் அவர்கள் தீர்ப்பு.

இன்னொரு நெருடலும் உண்டு. அழற்சிதான் அழுத்தத்தை ஏற்றுகிறது என்றால், அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் அழுத்தம் இறங்க வேண்டும் அல்லவா? 10,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் கனாகினுமாப் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிப் பொருளை முடக்கும் மருந்து அது. மாரடைப்பு மறுபடி வருவது குறைந்தது. ரத்த அழுத்தம் குறையவில்லை. எல்லா அழற்சியும் ஒரே பாதையில் போவதில்லை, டி அணுக்களின் பாதை வேறு என்று குசிக் தரப்பு வாதிட இடமிருக்கிறது. ஆனால் இந்த முடிவை மறைத்துவிட்டு ஈறுக் கதையை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும்.

புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, வயதானவர் ஆகியோருக்குத்தான் இரண்டும் வருகின்றன. ஈறு பாவம், அதன்மேல் ஏன் பழி?

நியாயமான சந்தேகம். 26 நாடுகளில் நடந்த 81 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2020இல் பார்த்தார்கள். ஈறுநோய் நடுத்தரம் முதல் தீவிரம் வரை உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு 22 சதவீதமும், தீவிரமாக மட்டும் உள்ளவர்களுக்கு 49 சதவீதமும் கூடுதல். நோய் முற்ற முற்ற வாய்ப்பும் ஏறுகிறது என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு லண்டனில், வேறு பெரிய நோய் எதுவும் இல்லாத 500 பேரைப் பார்த்தார்கள். தீவிர ஈறுநோய் உள்ள 250 பேரில் 14 சதவீதத்தினருக்கு மேல் அழுத்தம் 140ஐத் தொட்டிருந்தது. ஈறு நன்றாக இருந்த 250 பேரில் 7 சதவீதம்தான்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் முழுதாகத் தீராது. அதனால்தான் குசிக் குழு மரபணுப் பக்கம் போனது. பிறப்பிலேயே ஈறுநோய்க்குச் சாய்வு தரும் நான்கு மரபணு இடங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை உடையவர்களுக்கு ரத்த அழுத்தமும் கூடுதலாக இருக்கிறதா என்று லட்சக்கணக்கானோரின் தரவுகளில் தேடினார்கள். புகைப்பதையோ உணவையோ பார்த்து மரபணு மாறுவதில்லை, பிறக்கும்போதே அது முடிவாகிவிடுகிறது. எனவே குழப்பம் குறையும் என்பது இதன் தர்க்கம். தொடர்பு இருக்கவே செய்தது. ஆனால் அந்த நான்கு இடங்களும் ஈறுநோயை மிகச் சிறிதளவே தீர்மானிக்கின்றன. நூல் மெலிது, அதில் எவ்வளவு பாரம் தொங்கவிடலாம் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

பல் துலக்காத எல்லோருக்கும் ஈறுநோய் முற்றுமா?

இதற்கான பதில் இலங்கை மலையகத்திலிருந்து கிடைத்தது. ஹாரல்ட் லோ என்ற நார்வேக்காரர் 1970இல் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எல்லோரும் ஆண்கள், தொடங்கும்போது 14 முதல் 31 வயது. பிரஷ் கிடையாது, பல் மருத்துவரும் கிடையாது. ஏறக்குறைய எல்லோருக்கும் காரையும் ஈறு வீக்கமும் இருந்தன. 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது 8 சதவீதத்தினருக்கு நோய் வெறிகொண்டு பரவிப் பற்கள் விழுந்தன. 81 சதவீதத்தினருக்கு மெல்ல முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை.

ஒரே அழுக்கு, மூன்று விதி. கிருமி தீக்குச்சி மாதிரி. எரிவது நம் உடம்பின் எதிர்ப்பாற்றல். குசிக்கின் ஆய்வும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. அந்தத் தொழிலாளர்களின் வாய் உலகத்துப் பல் மருத்துவப் பாடநூல்களில் எல்லாம் அட்டவணையாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்குப் பல் மருத்துவர் ஒருவர் கிடைக்காத காலத்தில்தான் அந்த அட்டவணை பிறந்தது என்பதையும் சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது.

எனக்கு ஈறுநோய் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துலக்கும்போது ரத்தம், வாய் நாற்றம், பல் நீண்டு தெரிவது, இடுக்கு விழுவது, பல் ஆட்டம். பல் மருத்துவர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்ப்பார். 3 மி.மீ. வரை போனால் கவலையில்லை. 4, 5 என்று இறங்கினால் நோய். ஒரு எச்சரிக்கை: புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் வருவது குறைவு. நிகோட்டின் குழாய்களைச் சுருக்கி நோயை மறைத்துவிடுகிறது. "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வராது" என்று பெருமை பேசும் புகைக்காரர்தான் முதலில் போய்க் காட்ட வேண்டியவர்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே?

ஆண்டுக்கணக்காகக் காரை சிமெண்டு போல அந்த இடுக்கை அடைத்திருந்தது. எலும்பு கரைந்தது அதற்கு அடியில். காரையை எடுத்ததும், ஏற்கெனவே விழுந்த ஓட்டை வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்ததும் ஈறு சற்று இறங்கவும் செய்யும். சில நாள் கூச்சம் இருக்கும். சுத்தம் செய்தவர்மேல் பழிபோடுவது, வெள்ளையடிக்கச் சுரண்டியபோது விரிசல் தெரிந்ததற்குக் கொத்தனாரைத் திட்டுவது போன்றது.

ஒரே நாளில் வாய் முழுக்க ஆழமாகச் சுத்தம் செய்துகொள்ளலாமா?

2007இல் லண்டனில் தீவிர ஈறுநோயாளிகள் 120 பேரிடம் நடந்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஆழமான சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாளே ரத்தத்தில் அழற்சி ஏறியது, குழாய் விரியும் திறன் சரிந்தது. கிளறிவிட்டால் அப்படித்தான். 60 நாளில் நிலை திரும்பி, 180 நாளில் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் குறிப்பது அதைப் பொறுத்தது. அழுத்தம் 180/110ஐத் தாண்டியிருந்தால் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைப்பதே வழக்கம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தாமாகவே நிறுத்திவிட்டு வந்து உட்காரக் கூடாது.

பிரஷர் மாத்திரை தொடங்கிய பிறகு ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது. இது என்ன?

மருந்துச் சீட்டைப் பாருங்கள். நிஃபெடிபின், அம்லோடிபின் வகை மாத்திரைகள் சிலருக்கு ஈறை வளரவைக்கும். முன்னதில் அதிகம், பின்னதில் குறைவு. என் அத்தைக்கு இப்படி வந்து, புற்றோ என்று வீடே ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தது. காரையும் அழுக்கும் உள்ள வாயில் இது கூடுதலாக வளர்கிறது. முதலில் சுத்தம், அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார். ஆக இந்தப் பாதை இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஈறு அழுத்தத்தைத் தொடுகிறது. அழுத்தத்தின் மருந்து ஈறைத் தொடுகிறது. சொல்லப்போனால் இந்த இரண்டாவது பாதைக்கு முதலாவதைவிட உறுதியான சான்று உண்டு.

தினமும் மவுத்வாஷ் கொப்பளித்தால் போதாதா?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட் உமிழ்நீரில் சுரக்கிறது. நாக்கின் பின்புறம் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்புக்குள் போய் அது குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தால் கெட்டதோடு இந்த நல்லதும் சாகிறது. ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் அதைக் கொப்பளித்தபோது அவர்களின் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மி.மீ. வரை ஏறியது. கிராகோவிலும் இதே மருந்தைத்தான் சிகிச்சையின் பகுதியாகக் கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கட்டும். சொன்ன நாள்வரை சிகிச்சைக்குப் பயன்படுத்துவது வேறு, வாசனைக்காக ஆண்டு முழுக்கக் கொப்பளிப்பது வேறு.

ஆலங்குச்சி, வேப்பங்குச்சி?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வேல் என்பது கருவேலம்; பலர் நினைப்பதுபோல வேம்பு அல்ல. குச்சியை மென்று தூரிகையாக்கிப் பொறுமையாகத் துலக்கினால் தவறில்லை. ஆனால் பல் இடுக்குக்குள் அது நுழையாது; ஈறுநோய் தொடங்குவது அங்கேதான். இடுக்குத் தூரிகையோ நூலோ வேண்டும். செங்கல்பொடியும் சாம்பலும் மட்டும் வேண்டாம், ஈறையே அறுத்துவிடும்.

ஒரு தடவை சரிசெய்தால் ஆயுளுக்கும் போதுமா?

போதாது. பையில் கிருமிகள் சில வாரங்களிலேயே திரும்பக் குடியேறும். முற்றிய நோய்க்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கிராகோவ் சோதனை இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டதை இங்கே திரும்ப நினைத்துக்கொள்ளலாம்.

தாத்தாவுக்குப் பல் எல்லாம் விழுந்துவிட்டது. இனி அவருக்கு இந்தக் கவலை இல்லையே?

பல் இல்லாத இடத்தில் பை இல்லை. அந்த மட்டில் சரி. ஆனால் பல் போனதும் தட்டிலிருந்து காயும் கீரையும் பழமும் போய்விடுகின்றன. மிஞ்சுவது கஞ்சியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும். அந்த ஊறுகாயில் எவ்வளவு உப்பு என்று ஒருமுறை பாருங்கள்.